கதவுக்கு மேல் பலகை

"...அதுக்குத்தான் கண்ணாடிக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு, மேல ஒண்ணுன்னு மூணு பல்பு. கொழும்புல பெரிய வீடுகள்ல இப்படித்தான் போடுறாங்க. இதுக்கு மேல உனக்கு என்ன புள்ள இருட்டு?"

கையில் ஸ்குரூ டிரைவரோடு எங்கள் குளியலறைக்குள் நின்று என் வீட்டுக்காரர் கேட்டார். அவருக்குக் கொழும்பில் கடை வேலை. லீவில் வரும்போது தலவாக்கலை டவுனில் இறங்கி விளக்குகளை வாங்கி வந்து, தாமே மாட்டியும் விட்டார். குறை சொல்ல முடியாது. பழைய ஒற்றை பல்பு தலைக்குப் பின்னால் தொங்கும். கண்ணாடியில் என் முகம் கரியாகத் தெரியும். இப்போது மஞ்சள் எங்கே பூசினேன், எங்கே விட்டேன் என்பதுவரை தெரிந்தது.

ஆனால் நான் கேட்டது அதையல்ல.

எங்கள் குளியலறை, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் பின்சுவருக்கும் மலையை வெட்டிய மண்மேட்டுக்கும் நடுவே செருகி வைத்தது. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர்கள். மேலே தண்ணீர்த் தாங்கி வைக்கப் போட்ட கொங்கிரீட் தட்டு. ஜன்னலுக்கு ஒரு சாண் இடமில்லை. கதவு அடுப்படிக்குள் திறக்கும். கதவுக்கு மேலிருந்த இடைவெளியையும் பலகை அடித்து மூடச் சொன்னவர் இவர்தான். குளிருக்கு வருகிற சனமெல்லாம் அடுப்பைச் சுற்றித்தானே உட்காரும். பொம்பளை குளிக்கிற சத்தம் அவர்கள் காதில் விழலாமா என்பது அவர் கவலை.

போன மழைக்காலத்தில் ஒரு நாள், பறித்த கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு நனைந்து வந்து குளித்துக்கொண்டிருந்தேன். தலையெல்லாம் சோப்பு. எங்கேயோ மரம் கம்பியில் சாய்ந்திருக்க வேண்டும், கரண்டு போய்விட்டது. கண் எரிச்சலில் இப்படியும் அப்படியும் திரும்பியதில் கதவு எந்தப் பக்கம் என்பதே குழம்பிப் போயிற்று. கை வைத்த இடமெல்லாம் ஈரச் சுவர். மண்மேட்டுப் பக்கத்துச் சுவர் எப்போதும் சில்லென்றிருக்கும். அன்றைக்கு நாலு பக்கமும் அந்தச் சில்லிப்புத்தான். மண்ணுக்குள் இருப்பதுபோல மூச்சு முட்டியது. கத்தினேன். அடுப்படித் தகரத்தில் விழுந்த மழை என் குரலைத் தின்றுவிட்டது.

மெழுகுவர்த்தி கேட்டு வந்த பக்கத்து வீட்டு அக்காவால் பிழைத்தேன். அவர் பெஞ்சில் ஏறி, பலகை வெடிப்பில் போன் லைட்டைப் பிடித்தார். நூல் போல வந்த அந்த வெளிச்சத்தில்தான் தாழ்ப்பாள் தெரிந்தது. நடுங்கிக்கொண்டு வந்தவளைப் போர்த்திவிட்டு, "இருட்டத்தான்டி பூட்டி வைக்க முடியும். வெளிச்சம் எங்கயாச்சும் பொத்துக்கிட்டு வந்துரும்" என்றார். அக்காவிடம் எதற்கும் ஒரு சொல் இருக்கும்.

அதிலிருந்து, வீட்டில் ஆளில்லாத நேரம் பார்த்து, கதவை ஒருக்களித்து வைத்துத்தான் குளிப்பது. ஆள் இருந்தால் முகம் கழுவுவதோடு சரி. போனில் இதையெல்லாம் சொன்னதற்கு வந்த பதில்தான் இந்த மூன்று பல்பு.

"கரண்டு போனா மூணும் சேந்துதானே போகும்?" என்றேன்.

"ஒரு டோர்ச்ச மாட்டி வச்சுக்க."

"சோப்புக் கண்ணோட டோர்ச்சத் தேடுறதா, கதவத் தேடுறதா? அந்தப் பலகைய எடுத்துருங்க. பகல்னா அடுப்படி வெளிச்சம் வரும், ராவுன்னா நெருப்பு வெளிச்சமாச்சும் வரும்."

"ஆவியெல்லாம் சோத்துப் பானையில வந்து உக்காரும். சத்தம் வேற."

"சரி, உள்ள போயித் தாப்பாளப் போடுங்க. சுவிட்ச் வெளியதானே இருக்கு, நான் அணைக்கிறேன். கண்ண மூடி நல்லாச் சுத்திட்டு வெளிய வாங்க பாப்போம்."

"சின்னப் புள்ள வெளாட்டு" என்று சிரித்துக்கொண்டே போனார். பொழுது சாய்ந்திருந்தது. அடுப்படி விளக்கையும் சேர்த்து அணைத்தேன்.

முதலில் உள்ளே சிரிப்புக் கேட்டது. பிறகு வாளி உருண்டது. கை சுவரைத் தடவுகிற சத்தம் மண்மேட்டுப் பக்கம் போய், அங்கேயே நின்றது.

"லைட்டப் போடு புள்ள."

"தாப்பாளத் தேடுங்க."

வாளி இன்னொரு முறை உருண்டது. "புள்ள, போட்டுரு" என்றார் மறுபடி. அது அவர் குரல் மாதிரியே இல்லை. போட்டேன்.

வெளியே வந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "சத்தம் கேக்குமேன்னுதான்..." என்று இழுத்தார்.

"கேக்கட்டுங்க. அன்னைக்கி யாருக்கும் கேக்காமத்தானே கெடந்தேன்."

அவர் பெஞ்சைக் கதவோரம் இழுத்துப் போட்டு ஏறினார். ஸ்குரூ டிரைவரைப் பலகையின் விளிம்புக்குள் விட்டு நெம்பத் தொடங்கினார்.