தட்டைத் தள்ளிவிட்ட குட்டி

எனக்கு எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். அஞ்சாவது வரைக்கும்தான் படித்தேன். ஒன்றை எழுதும்போதே இன்னொன்று மறந்துபோகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனி. அங்கே வேலைக்கு வரும் பெண்களின் பிள்ளைகளை வைத்துப் பார்த்துக்கொள்ளும் அறையில் நான் ஆயா. ஒன்பது வருசமோ பத்தோ ஆகிறது. தைத்த பனியனில் பழுது பார்க்கும் செக்கிங்கில் நிற்கும் ஒரு பீகார்ப் பெண்ணின் மகள், மூன்று வயசு, என் மடியில் உட்கார்ந்தால்தான் சோற்றுக்கு வாய் திறப்பாள். அவள் பேசும் இந்தி எனக்குப் புரியாது. ஆனாலும் குட்டி, குட்டி என்று கூப்பிட்டுக்கொண்டு, அவள் என் பிள்ளை என்றுதான் இருந்தேன்.

அப்புறம் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவே படித்த டீச்சர் ஒருவரைக் கம்பெனியில் வைத்தார்கள். வயசுப் பெண். பிள்ளைகள் தாங்களே எடுத்துச் சாப்பிட வேண்டும், ஆயா ஊட்டக் கூடாது என்றார். பாயெல்லாம் சோறு. கூட்டித் துடைப்பது நான். பத்தே நாளில் குட்டி என் மடியை விட்டுவிட்டு, டீச்சர் பக்கத்தில் தட்டோடு போய் உட்கார்ந்தாள். எனக்கு வயிறு எரிந்தது.

"சோறு ஊட்டாம இருக்கறதுக்கு ரெண்டு வருசம் படிச்சுட்டு வந்திருக்குதாமா அந்தப் புள்ள," என்று வீட்டில் மருமகளிடம் சொன்னேன்.

"நீங்க ஊட்டி ஊட்டி வளத்துனதுலதானுங்கத்தை, உங்க மகன் இன்னும் தட்டக்கூட எடுக்கறதில்லீங்க," என்றாள் அவள்.

ஒரு நாள் காலேஜிலிருந்து ஒரு அம்மா நோட்டோடு வந்தார். படித்த டீச்சர் இருந்தால் பிள்ளைகளிடம் என்ன மாறுகிறது என்று ஆராய்ச்சியாம். மத்தியானச் சாப்பாட்டைக் கூடவே இருந்து பார்க்கப்போவதாகச் சொன்னார். என்னிடம் நாற்காலி ஒன்று கேட்டார், வேறொன்றும் கேட்கவில்லை.

நான் செய்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சாப்பாட்டுக்கு முன்னால் குட்டியைச் சமையல் தடுப்புக்குப் பின்னால் கூட்டிப்போய், ரசஞ்சோறு பிசைந்து வயிறு முட்ட ஊட்டினேன். டீச்சர் முன்னால் அவள் தட்டைத் தொடக் கூடாது, அதை அந்த அம்மா நோட்டில் எழுத வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

குட்டி தட்டைத் தள்ளிவிட்டாள். டீச்சர் வற்புறுத்தவில்லை. இந்தியில் மெல்ல என்னவோ கேட்டார். அவள் வயிற்றைத் தட்டிக் காட்டிவிட்டு, விரலை என் பக்கம் நீட்டினாள். கன்னத்தில் ஒரு சோற்றுப் பருக்கை வேறு. டீச்சர் அதைத் துடைத்துவிட்டு என்னை ஒரு தரம் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன்.

"இவளுக்கு முன்னாடியே பசிச்சிருச்சுங்க மேடம். எங்க ஆயாம்மா பார்த்து ஊட்டிட்டாங்க. முகத்தப் பார்த்தே கண்டுபிடிச்சிருவாங்க," என்றார்.

காலேஜ் அம்மா என்னைப் பார்த்துச் சிரித்து, முதல் தடவையாக என்னைப் பற்றி எதையோ எழுதினார். அப்போதும் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. பிள்ளையின் பேச்சும் அந்தப் பெண்ணுக்கு வருகிறது, அடுத்தவள் குற்றத்தை மறைக்கிற பெருந்தன்மையும் வருகிறது. எனக்கு இரண்டும் வரவில்லையே.

அந்த ஆராய்ச்சியை இந்நேரம் எழுதி முடித்திருப்பார்கள். ஆயா பசியறிந்து ஊட்டினாள் என்று அதில் இருந்தால் அது தப்பு. விவரம் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்திவிடுங்கள். அது நடந்தது வெள்ளிக்கிழமை என்றுதான் ஞாபகம். அது சரியா என்று டீச்சரிடம் நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள், அன்றைய பேச்சை அவரிடம் எடுக்க எனக்கு வாய் வரவில்லை.