நான் கேட்ட கவரும் எனக்கு வந்த கவரும்

கர்த்தருக்குள் பிரியமானவர்களே, என் இருமலிலிருந்தே தொடங்குகிறேன். அறுபதுகளின் கடைசி அது. என் மகள் கிரேஸ் பிறந்து ஐந்து மாதம். கடம்பத்தூரில் எங்கள் வீட்டு வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது இருமல் வந்தது. வாயைத் துடைத்த முந்தானையில் ரத்தம்.

காசநோய் என்றார்கள். அன்றே நாத்தனார் வந்து குழந்தையைக் கும்மிடிப்பூண்டிக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பால் கட்டி நெஞ்சு வலித்தது. சாவதற்குக்கூட நான் அவ்வளவு பயப்படவில்லை. பிள்ளைக்கு என் முகம் மறந்துபோகும் என்றுதான் பயந்தேன். “ஆண்டவரே, என் குழந்தையை என் கையில் திருப்பிக் கொடும்” என்று அழுதேன்.

போதகர் சொல்லி, மதராஸில் காசநோய்க்கு ஆராய்ச்சி செய்கிற ஓர் ஆஸ்பத்திரிக்கு ரயிலேறிப் போனோம். டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: “ரெண்டு வைத்தியம் இருக்கும்மா. ஒண்ணு, வாரத்துக்கு ரெண்டு தடவ இங்க வந்து ஊசி. இன்னொண்ணு, வீட்டுலயே தினமும் மாத்திரை. உங்களுக்கு எதுன்னு நாங்க முடிவு பண்ண மாட்டோம். இந்த ஒட்டின கவர்ல இருக்கு. சம்மதமா?”

எங்கள் சபையில் புது வருஷத்தன்று கண்ணை மூடிக்கொண்டு ஒரு தட்டிலிருந்து, வேத வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை எடுப்போம். வந்தது எதுவோ அதுதான் ஆண்டவர் கொடுத்தது. கவரைப் பார்த்ததும் எனக்கு அந்தத் தட்டுதான் ஞாபகம் வந்தது. “ஊசி வரட்டும் சாமி” என்று மனதுக்குள் கெஞ்சினேன். எங்கள் பக்கத்தில் குத்தினால்தான் வைத்தியம்!

மாத்திரை வந்தது. என் வீட்டுக்காரர் வெளியே வந்ததும் வராததுமாக, “ஊசியே போடல, இவரு இன்னா டாக்டரு?” என்றார். எனக்கோ ஆண்டவர் மேலேயே கோபம். அவர் மனதை மாற்றியே தீருவது என்று வெள்ளிக்கிழமைதோறும் தண்ணீர்கூட இல்லாமல் உபவாசம் இருந்தேன். மருந்தும் உபவாசத்தை முறிக்கும் என்று நானே தீர்ப்பும் எழுதிக்கொண்டேன். மிச்ச மாத்திரைகளை ஆஸ்பத்திரியில் எண்ணிப் பார்ப்பார்களே! அதனால் வெள்ளிக்கிழமை மாத்திரைகளைக் கீரைப் பாத்தியில் புதைத்தேன். விசுவாசி செய்கிற வேலையைப் பாருங்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை உச்சிவெயிலில், சொல்லாமல் கொள்ளாமல் ஆஸ்பத்திரி நர்ஸ் ரங்கநாயகி அம்மா வந்து நின்றார். திருவள்ளூர் கோயில் தெரு ஐயங்கார் வீட்டவர். ஸ்டேஷனிலிருந்து வரப்பு வழியாக நடந்தே வந்திருந்தார். சிறுநீர் வாங்கி அதில் ஒரு மருந்தை விட்டுப் பார்த்தார். நிறம் மாறவில்லை. மாத்திரை சாப்பிட்டிருந்தால் மாறியிருக்குமாம்.

“மாத்திரை சாப்ட்டேளா?”

“சாப்ட்டுக்கினுதாம்மா கீறேன்” என்றேன். உபவாச நாளில் பொய்! அவர் நிறம் மாறாத அந்தச் சிறுநீரை என் முன்னால் நீட்டினார். தாங்கமுடியாமல் அழுது எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

“எங்காத்துல அம்மா ஏகாதசிக்குப் பச்சத்தண்ணி குடிக்க மாட்டா. ஆனா டாக்டர் குடுத்த மாத்திரைய விட்டதில்ல. எங்க பெருமாள் கோச்சுக்கல, உங்க சாமி மட்டும் கோச்சுக்குவாரா? விட்டு விட்டுச் சாப்ட்டா கிருமி மருந்துக்குப் பழகிடும். அப்புறம் குழந்தைய எப்படித் தூக்குவேள்?”

அவரே பானையில் தண்ணீர் மொண்டு கொடுத்து, நான் விழுங்கும்வரை நின்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. உதவி அனுப்பும் என்று வாரம் தவறாமல் கேட்டேன். அது வெயிலில் நடந்து என் வாசலுக்கே வந்துவிட்டது. நான்தான் அதைப் பாத்தியில் புதைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த முறை போனபோது டாக்டரிடம் கேட்டேன்: “ஊசிதானே ஒசத்தி?” அவர் சிரித்தார். “எது ஒசத்தின்னு எங்களுக்கே தெரியாதும்மா. தெரிஞ்சிருந்தா கவர் எதுக்கு?” தெரியாது என்று சொல்கிற டாக்டரை அன்றுதான் பார்த்தேன். அசந்துபோனேன். நான் புதைத்த மாத்திரைகளையும் நோட்டில் எழுதிக்கொண்டார். “அத எழுதாதீங்கய்யா” என்றேன். “தப்பையும் எழுதினாத்தான் அடுத்து வர்றவங்களுக்கு உதவும்” என்றார். எங்கள் சாட்சிக் கூட்டங்களில்கூட இவ்வளவு உண்மை பேசுகிறோமா?

பிறகு ஒரு நாள்கூட விடவில்லை. வயிற்றைப் புரட்டினாலும் விழுங்கினேன். மாதங்கள் போயின. கடைசியில், மாதாமாதம் பார்த்ததில் சளியில் கிருமியே இல்லை என்ற சேதியோடு ரங்கநாயகி அம்மாவே நடந்து வந்தார்.

கிரேஸ் வந்தாள். நான் பயந்தபடியே என் முகம் அவளுக்குத் தெரியவில்லை. வீறிட்டு அழுதாள். பிடிவாதமாக வைத்துக்கொண்டேன். அழுது ஓய்ந்து என் தோளிலேயே தூங்கிப்போனாள். கை மரத்துப்போயும் அவளை இறக்கவில்லை. ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை.

இப்போது அவள் பள்ளிக்கூடம் போகிறாள். முன்பெல்லாம் எனக்கு இது வேண்டும், அது வேண்டும் என்றுதான் ஜெபிப்பேன். இப்போது, நான் கேட்ட அந்த ஊசிக் கவர் வந்தவர்களுக்காகவும் ஜெபிக்கிறேன்.

நீங்களும் நம்பிக் கேளுங்கள். உபவாசமும் இருங்கள், மாத்திரையை விழுங்கிவிட்டு. வெயிலில் நடந்து வந்து யாராவது கதவைத் தட்டினால், முதலில் ஒரு சொம்பு தண்ணீர் கொடுங்கள். ரங்கநாயகி அம்மா எங்கள் வீட்டில் குடிப்பாரோ என்னவோ என்று தயங்கி, அன்றைக்கு நான் அதைக்கூடக் கேட்கவில்லை.