எடுக்கப்பட்ட தார்ப்பாய்கள்

எண்பதுகளின் தொடக்கத்தில் இராஜபாளையத்து நூற்பாலை ஒன்றின் கடிதப் பிரிவு என் பொறுப்பில் இருந்தது. அந்த அலுவலகத்தில் ஆங்கில இலக்கியத்தில் பட்டம் பெற்றவன் நான் ஒருவனே. அந்தப் பெருமையை நான் மறைத்ததில்லை. திருவில்லிபுத்தூர் மாடவீதி வீட்டிலிருந்து காலைப் பேருந்தில் கிளம்பினால், சட்டையின் கஞ்சி மடிப்புக் கலையாமல் ஒன்பது மணிக்கு முன்பே என் நாற்காலியில் இருப்பேன்.

ஆலையில் ஒரு வழக்கம் இருந்தது. முதலாளியின் மேசைக்குப் போகும் எந்தத் தாளும் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும். என் கையைத் தாண்டித்தான் போக வேண்டும். முதலாளிக்குத் தெலுங்கும் தமிழும் சரளம். இருந்தும், ஆங்கிலத்தில் வந்தால்தான் அது அலுவல், மற்றதெல்லாம் பேச்சு என்பது அவர் எண்ணம். ஆகவே இரண்டு வரி விடுப்புக் கடிதம்கூட என் சிவப்பு மையில் குளித்துவிட்டே உள்ளே போகும்.

என் ஆங்கிலத்துக்கு அந்த ஆலையில் ஒரு பெயர் உண்டு. ‘விச் வாஸ்’ என்பதே அது. விச் வாஸ் டேக்கன், விச் வாஸ் டிலேய்டு, ஹூ வாஸ் இன்ஃபார்ம்டு என்று ஒரு பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் இப்படி ஒரு தொடரைக் கோத்துவிட்டால் போதும். செயல் தாளில் நிற்கும், செய்தவர் விலகிக்கொள்வார். தாமதமாக அனுப்பப்பட்ட சரக்கு, தவறாக ஒட்டப்பட்ட சீட்டு என்று எழுதினால் யாரையும் சுட்ட வேண்டியதில்லை, யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. படித்தவன் எழுத்துக்கு அதுவே பண்பு என்று நான் உறுதியாக நம்பினேன். புதிதாகச் சேரும் தட்டச்சர்களுக்குக் காட்டுவதற்காக, நான் திருத்திய மூலத் தாள்களை ஒரு கோப்பில் சேர்த்தும் வைத்திருந்தேன்.

தொழிலாளர்கள் இதைக் கேலி செய்வது எனக்குத் தெரியும். ஒருநாள் வாயிற்புறத் தேநீர்க் கடையில் என் முதுகுக்குப் பின்னால் ஒருவன் கேட்டான்: “ஏலே, விச் வாஸ் வாங்குன பீடிக்கட்டு எங்கலே?”

“அது விச் வாஸ் குடிக்கப்பட்டுருச்சு, அண்ணாச்சி.”

“யாரு குடிச்சா?”

“அதெல்லாம் எழுதக் கூடாதாம்லா.”

நான் திரும்பவில்லை. என் நிலையில் இருப்பவன் அதற்கெல்லாம் திரும்பக் கூடாது.

பஞ்சு இருப்பு வைக்கும் கிட்டங்கியின் பொறுப்பில் சேத்தூர்க்காரர் ஒருவர் இருந்தார். ஏறக்குறைய என் வயது. பள்ளியிறுதி வரை படித்தவர். பஞ்சுப் பொதிகள் உள்ளே இடம் போதாமல் முற்றத்திலும் அடுக்கப்பட்டிருந்த காலம் அது. ஐப்பசியில் ஒருநாள் காலை அவர் ஒரு தாளோடு என் முன் வந்து நின்றார். முதலாளியின் மருமகன் லாரியோடு வந்து, முற்றத்துப் பொதிகளை மூடியிருந்த நான்கு தார்ப்பாய்களைத் தம் வீட்டுக் கல்யாணப் பந்தலுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார். மழை வரும் முன் அவை திரும்பி வர வேண்டும். இவ்வளவுதான் செய்தி. தப்பும் தவறுமான ஆங்கிலம். ஆனால் எடுத்தவர் யார், என்றைக்கு, எந்த வண்டியில் என்பதெல்லாம் அதில் தெளிவாக இருந்தது.

“முதலாளி வீட்டு மனுஷாளைத் தாள்ல இழுக்கறதா? என்ன பழக்கம் இது?” என்றேன்.

“எடுத்தது அவியதான சார்.”

சிவப்பு மையை எடுத்தேன். முற்றத்திலிருந்து எடுக்கப்பட்ட நான்கு தார்ப்பாய்களுக்கு மாற்று வழங்கக் கோருகிறேன் என்ற பொருளில் ஒரே வாக்கியம். கச்சிதமான வாக்கியம். தட்டச்சு செய்து வந்ததும் அவரிடம் நீட்டினேன். அவர் இரண்டு முறை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

“யாரு எடுத்தான்னு இல்லையே சார்?”

“அது தேவையில்லை. கையெழுத்துப் போடுங்க.”

அவர் போட்டார். படித்தவன் சொன்னான் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை. முதலாளி அந்தக் கடிதத்தில் ஒரு டிக் அடித்துத் திருப்பி அனுப்பினார். கல்யாணம் நடந்தது, அலுவலகத்தில் எல்லோரும் போய்ச் சாப்பிட்டு வந்தோம். தார்ப்பாய்கள் வரவில்லை. மறுவாரம் ஒரு பிற்பகல், செண்பகத்தோப்புப் பக்கம் மலை கறுத்து, மழை ஒரே மூச்சாக வந்தது. முற்றத்துப் பொதிகள் அடிவரை நனைந்தன.

முதலாளியின் அறையில் விசாரணை. கடிதம் மேசைமேல் இருந்தது. மருமகன் சன்னலோரம் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எடுக்கப்பட்டதுன்னு எழுதிக் குடுத்திருக்க. யாரு எடுத்தது?” என்றார் முதலாளி.

கிட்டங்கிக்காரர் சன்னல் பக்கம் கை காட்டினார். மருமகன், “நானா?” என்று மட்டும் கேட்டார்.

“அப்ப ஏன்யா அன்னைக்கே எழுதல?”

“எழுதுனேன் மொதலாளி. சார்தான் அடிச்சுவிட்டாவ.”

முதலாளி என்னைப் பார்த்தார். “பேரு போட்டுக் கொண்டாந்தானா சார்?”

அந்தத் தாள் அடுத்த அறையில், என் கோப்பில், சிவப்பு மையோடு இருந்தது. ஆம் என்று சொன்னால், பெயரை நீக்கியவன் நான் என்று அத்தனை பேர் முன்னிலையில் ஆகிவிடும்.

“தினமும் எத்தனையோ தாள் வருது. குறிப்பா ஞாபகம் இல்லை” என்றேன்.

கிட்டங்கிக்காரரை வேலையிலிருந்து நீக்கும் ஆணையையும் நான்தான் எழுதினேன். கவனக்குறைவாக இருந்ததாகக் காணப்பட்ட இன்னார் என்று எழுதினேன். யாரால் காணப்பட்டார் என்று அதிலும் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் மனைவியோடு என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“அந்தத் தாள் ஒங்ககிட்டதான் இருக்கும். நீங்க எதையும் கிழிக்க மாட்டிய. எழுத்துல என்ன இருக்குன்னு லேபர் ஆபீசரு கேக்காரு சார்.”

“பாக்கறேன்” என்றேன்.

அவர்கள் போனதும் என் மனைவி கேட்டாள்: “இருக்கா, இல்லையா?”

“இருக்கு.”

“அப்பறம் என்ன பாக்கறது? கொடுத்துட வேண்டியதுதானே.”

எனக்கு வேறொரு வழி கண்ணியமாகப் பட்டது. தாளை முதலாளியிடமே காட்டினால், அவரே அந்த மனிதரைத் திரும்ப அழைத்துக்கொள்வார். என் சிவப்பு மையை வெளியார் யாரும் பார்க்க வேண்டியிருக்காது. திங்கட்கிழமை காலை அதை அவர் மேசையில் வைத்தேன்.

அவர் படித்துவிட்டுக் கோபப்படவில்லை. மருமகனை அவர் எப்போதும் தெலுங்கில் ‘அல்லுடு’ என்றே சொல்வார். “எங்க அல்லுடுதான் எடுத்தாருன்னு எனக்குத் தெரியாதா சார்? பந்தி போட்டதே அந்தப் படுதாவுக்குக் கீழதான. நீங்களும் எனக்கு எதிர் எலையிலதான் உக்காந்திருந்தீங்க.”

உண்மை. பந்தியில் என் தலைக்கு நேர் மேலே, வெள்ளைச் சாயத்தில் ஆலையின் பெயர் இருந்தது. நான் இலையைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்தவன்.

“அப்ப அந்த ஆள்...”

“அந்த வேலைக்கு வேற ஆள் போட்டாச்சு. ஒங்க லெட்டர் நல்லா இருந்துச்சு. யாருக்கும் தொந்தரவு இல்லாம இருந்துச்சு.” தாளை இரண்டாக மடித்துத் தம் மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். “இது இங்கேயே இருக்கட்டும்.”

நான் அதைத் திரும்பக் கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, மாலையில், பேருந்து நிலையத்தில் கிட்டங்கிக்காரர் எனக்காகக் காத்திருந்தார்.

“தாள் கெடச்சுதா சார்?”

“அது காணாமப் போயிருக்கு.”

“காணாமப் போச்சா, இல்ல குடுத்துட்டியளா?”

சுற்றிலும் ஆட்கள். குரலைத் தாழ்த்தி, “முதலாளிகிட்ட குடுத்தேன்” என்றேன்.

“எப்ப?”

“திங்கட்கிழமை.”

“நாங்க ஒங்க வீட்டுக்கு வந்துட்டுப் போன மறுநா.” அவர் சத்தம் போடவில்லை. “சரி. இப்பச் சொன்னத அப்படியே எழுதிக் குடுங்க. இங்கிலீசு வேண்டாம், தமிழ்லயே போதும். இவரு மருமகன் பேரப் போட்டு எழுதுன தாள நான் மொதலாளிகிட்ட குடுத்தேன்னு. ரெண்டு வரி. பொறவு நான் பாத்துக்கிடுதேன்.”

“என் நிலைமையையும் பாக்கணும்” என்றேன்.

“ஒங்க நிலைமைக்கு என்ன சார்? நீங்க நாளைக்கும் வேலைக்குப் போவிய.”

பேருந்து வந்தது. ஏறிக்கொண்டேன்.

காட்டுவதற்கு எழுத்து இல்லாததால் லேபர் ஆபீசர் முன்னால் அவர் பேச்சு எடுபடவில்லை. மற்ற ஆலைகளும் அவரை எடுக்கவில்லை. ஆலங்குளத்தில் சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குச் சீட்டுக் கிழித்துக் கொடுக்கும் வேலைக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன். தொண்ணூறுகளின் நடுவில் எனக்குச் சால்வை போர்த்தி வழியனுப்பினார்கள். என் கடிதங்களைப் புகழ்ந்து முதலாளியின் மருமகன் பேசினார்.

சேத்தூர்க்காரரைப் பற்றி ஆலையின் பழைய ஆட்கள் பேசும்போது, பஞ்சை நனைய விட்டவர் என்றே இன்றும் சொல்கிறார்கள். என் முன்னாலும் பல முறை சொல்லியிருக்கிறார்கள். நான் ஒருமுறைகூடத் திருத்தியதில்லை.