ஐ ஆம் செவன் இயர்ஸ் ஓல்ட்

சந்திரமதி டீச்சரிடம் படித்த பிள்ளைகள் இங்கிலீஷில் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்ல மாட்டார்கள். முழு வாக்கியமாக, கேட்டவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் அவள் திட்டுவதில்லை. அதே வாக்கியத்தைச் சரியாகத் தானே சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடர்வாள்.

ஜப்பான்காரன் மலாக்காவைப் பிடித்ததும் பள்ளிகளில் இங்கிலீஷ் நின்றது. சந்திரமதி அவசர அவசரமாக நிப்பொங்கோ என்ற ஜப்பான் மொழியைக் கற்று, பள்ளியில் அதையே சொல்லிக்கொடுத்தாள். துணிக்கடை முகைதீன்தான் ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "என் மகளுக்கு நாலு வார்த்தை இங்கிலீஷ் சொல்லிக்கொடுங்க டீச்சர். இவனுங்க எத்தனை நாளைக்கு?"

அப்படித்தான் காஜா பேராங்கில் அவள் வீட்டு அடுப்படியில் ஐந்து பிள்ளைகள் மத்தியானங்களில் கடை வைத்து விளையாடத் தொடங்கினார்கள். காலி டின்கள்தான் சரக்கு. விற்பதும் வாங்குவதும் இங்கிலீஷில். வாசலில் தங்கை விஜயா துணி துவைப்பாள். பூட்ஸ் சத்தம் கேட்டால் கோழியைக் கூப்பிடுவாள். உள்ளே பேச்சு அடங்கிவிடும்.

நாற்பத்து மூன்றின் கடைசியில் ஒரு ஜப்பான் அதிகாரி பள்ளியைப் பார்வையிட வந்தார். முன்வரிசையில் இருந்த முகைதீன் மகள் பஷீராவிடம் குனிந்து, சிரித்த முகத்தோடு இங்கிலீஷில் வயதைக் கேட்டார்.

வெளியே பேசக்கூடாதென்று நூறு தடவை சொல்லியிருந்தாள் சந்திரமதி. 'வாயைத் திறக்காதே' என்று மனம் பதறியது.

"ஐ ஆம் செவன் இயர்ஸ் ஓல்ட், சார்."

ஏழு வயது. வெள்ளைக்காரன் ஓடியபோது ஐந்து. எந்த இங்கிலீஷ் பள்ளி வாசலையும் மிதித்திராத பிள்ளை. அதிகாரி நிமிர்ந்து டீச்சரைப் பார்த்தார். "வெரி குட்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

"கிளேபாங்ல மாமா வீட்டுக்குப் போயிடுக்கா," என்றாள் விஜயா அன்று ராத்திரி.

"நான் ஓடினா பிள்ளைங்க வீட்டுக் கதவைத்தான் தட்டுவானுங்க."

இங்கிலீஷ் பாடத்துக்காகப் படம் வரைந்து வைத்திருந்த அட்டைகளையெல்லாம் சந்திரமதி அடுப்பில் போட்டாள். மூன்று நாள் ஒன்றும் நடக்கவில்லை. தெருவில் எந்த வண்டி வேகம் குறைத்தாலும் அவள் கை அப்படியே நின்றது. நான்காம் நாள், பள்ளி விட்டதும் பஷீரா தயங்கி நின்றாள்.

"நான் தப்பா சொல்லிட்டேனா டீச்சர்?"

"இல்லம்மா. ரொம்பச் சரியாச் சொன்னே."

மறுநாள் ராணுவ லாரி வந்து டீச்சரை ஏற்றிக்கொண்டு போனது.

பிள்ளையைப் படிக்க யார் அனுப்பினார்கள், வேறு எந்தப் பிள்ளைகள் என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். பள்ளியிலேயே, தானாகவே, அந்த ஒரு பிள்ளைக்கு மட்டும் சொல்லிக்கொடுத்ததாகக் கடைசிவரை சொன்னாள். பதினோராம் நாள் நடந்தே வீடு வந்தாள். வலது கை விரல்கள் மடங்கவில்லை. உள்ளே நடந்ததை விஜயாவிடம்கூடச் சொல்லவில்லை. அதற்குள் முகைதீன் கடையைப் பூட்டிவிட்டுக் குடும்பத்தோடு மூவாருக்குப் போயிருந்தார்.

சண்டை முடிந்து பள்ளி திறந்தபோது சந்திரமதி இடது கையால் கரும்பலகையில் எழுதப் பழகியிருந்தாள். மூவாரிலிருந்து திரும்பிய பஷீராவும் அவள் வகுப்பிலேயே சேர்ந்தாள். யாராவது இங்கிலீஷில் ஏதாவது கேட்டால் அந்தப் பெண் முதலில் வாசலைத் திரும்பிப் பார்ப்பாள். டீச்சர் அவசரப்படுத்தாமல் காத்திருப்பாள். அந்தப் பழக்கம் விட்டுப்போக இரண்டு வருடமாயிற்று.