செவன் ஹில்ஸில் விளைந்த சதை

சென்ற மாதம், நாங்கள் நாடுவிட்டு வந்து குடியேறிய செவன் ஹில்ஸில், எங்கள் வீட்டில் ஒரு புதினம் நடந்தது. நோயாளி நின்றாள், பார்க்க வந்தவர்கள் கதிரையில் இருந்தார்கள். கோயிலில் என் பக்கத்தில் இருக்கும் பிலோமினா கோழிச் சூப்போடு வந்து கதிரையை இழுத்துப் போட்டாள்.

"அக்கா, நீங்க இருங்கோ, நான் தேத்தண்ணி போடுறன்."

"எனக்கு நிக்கிறதுதான் சுகம், நீர் இரும்."

"வயித்தில ஒப்பரேஷன் எண்டால் நிக்கக்கூடாதெல்லோ?"

வயிற்றில் துளை போட்டது உண்மை. அங்கிருந்து எடுத்த கொழுப்பை எங்கே வைத்தார்கள் என்பதைத்தான் நான் அவளுக்குச் சொல்லவில்லை.

உங்களுக்குச் சொல்லலாம். பிட்டம் என்று எழுதினால் மரியாதை. மன்னாரில் நாங்கள் குண்டி என்றுதான் சொல்வோம். என் வலது குண்டியில் பாதியை யுத்தத்தில் வெடித்த ஒரு செல் துண்டு கொண்டுபோனது. பங்கர் குழிக்குள் பாய்ந்தபோது தலை உள்ளே போய்விட்டது, பின்பக்கம் வெளியே நின்றது. உயிர் தப்பியதே பெரிது என்றார்கள். ஆனால் அதற்குப் பிறகு நான் ஒருநாளும் கதிரையில் நேராக இருந்ததில்லை. பாவாடைக்குள் பஞ்சு வைத்துத் தைப்பேன். கல்யாணச் சேலைக்குள்ளும் அதுதான். பூசையில் வாங்குப் பலகையில் ஒரு பக்கம் சரிந்து இருப்பேன். ஏதோ கதைக்கத்தான் சரிகிறேன் என்று நினைத்து, பிலோமினா காதைக் கொடுப்பாள்.

வயிற்றுக் கொழுப்பை எடுத்து அங்கே வைக்கலாம் என்று மகள் சொன்னபோது பகிடி விடுகிறாள் என்றே நினைத்தேன். "உனக்கென்ன விசரே? இந்த வயசில குண்டியை வடிவாக்கப் போறியோ?" என்றார் என் கணவர் அந்தோனி. பக்கத்து ஊர் பிளாக்டவுனில் பார்த்த வெள்ளைக்கார டாக்டரும் அப்படித்தான் விளங்கிக்கொண்டார். உருண்டு திரண்ட பெண்களின் படங்களைக் காட்டி, எது விருப்பம் என்று கேட்டார். வெட்கத்தில் என் காது சுட்டது. "என்னுடைய மற்றப் பக்கம் மாதிரி" என்றேன். சோதித்துப் பார்த்த பிறகுதான் அவருக்கு விளங்கியது. படங்களை மூடிவைத்தார்.

ஆனால் எனக்கு நீரிழிவும் பிரஷரும் இருக்கின்றன. சீனி இந்த அளவில் நின்றால் காயம் ஆறாது, கிருமி பிடிக்கும், குறைத்துக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். ரயிலில் நின்றபடி அழுதேன். பிறகு ஒரு வருடம் சோற்றைக் குறைத்தேன், மழையிலும் நடந்தேன். நடக்க நடக்க, எடுப்பதற்கு வயிற்றில் ஒன்றும் மிஞ்சாதோ என்று வேறு பயம். சாவுக்குப் பயந்தும் செய்யாததை ஒரு கதிரைக்காகச் செய்தேன்.

ஒப்பரேஷனுக்குப் பிறகு படுப்பதென்றால் குப்புற, இல்லாவிட்டால் நிற்க வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க வீட்டுக்குள் நடக்க வேண்டும். வைத்த கொழுப்பில் ஒரு பங்கு கரைந்துவிடுமாம். புதிய இரத்தக் குழாய்கள் தேடிவந்து சேர்த்துக்கொள்வதுதான் நிற்குமாம். எவ்வளவு என்று டாக்டருக்கே தெரியாது. சீனியோடு அல்லாடுகிற என் உடம்பு, யாரும் சொல்லிக்கொடுக்காமல் உள்ளே இந்த வேலையைப் பார்க்கிறது என்று நினைக்க எனக்கு மெய்சிலிர்த்தது.

இந்த ஞாயிறு, இனிக் கதிரையில் இருக்கலாம் என்ற டாக்டரின் அனுமதியோடு பூசைக்குப் போனேன். பஞ்சில்லாத பாவாடை. மெல்ல மெல்ல வாங்கில் இறங்கினேன். நேராக இருந்தேன். பழக்கதோஷத்தில் பிலோமினா காதைக் கொடுத்தாள்.

"என்னக்கா?"

"ஒண்டுமில்லை."

இடது பக்கம் மன்னார் மீனில் விளைந்தது. வலது பக்கத்தில் இருப்பது செவன் ஹில்ஸின் பாணும் பட்டரும். அதில் எவ்வளவு என்னோடு நிற்குமோ தெரியாது. சுவிசேஷம் வாசிக்கத் தொடங்கியதும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். நான் எழும்பவில்லை.