ஜெர்மனி வழியாக வந்த இட்லித் தட்டு

எங்கள் தொழிற்சாலையில் வியாழக்கிழமை காலையில் எல்லோரும் உளற வேண்டும். இது என் கேலி இல்லை, விதி. வட்டமாக நாற்காலி போட்டு, நடுவில் ரப்பர் மாதிரி இழுபடும் கரடி மிட்டாய்களை ஒரு கிண்ணம் நிறைய வைத்து, ஆளுக்கொரு மஞ்சள் காகிதக் கட்டைக் கொடுத்துவிட்டு, எங்கள் பிரிவின் தலைவர் ஷ்டெஃபான் சொல்வார்: மனதில் வருவதில் மிக முட்டாள்தனமானதை முதலில் எழுதுங்கள், யாரும் யாரையும் பார்த்து முடியாது என்று சொல்லக் கூடாது. இந்தக் கூட்டத்துக்கு இடேயன்ருண்டே என்று பெயர், யோசனை வட்டம் என்று அர்த்தம். நெக்கர் ஆற்றங்கரையில் இருக்கும் இந்தச் சிறிய ஊருக்கு வந்தபின் குளிர், புளித்த ரொட்டி, ஞாயிற்றுக்கிழமை ஒரு தீப்பெட்டிகூட வாங்க முடியாமல் மூடிக்கிடக்கும் கடைகள் எல்லாவற்றுக்கும் பழகிவிட்டேன். சம்பளம் வாங்கிக்கொண்டு உளறுவதற்கு மட்டும் இன்னும் பழகவில்லை.

ஒருநாள் செங்கல் என்று தலைப்பு கொடுத்தார். ஒரு செங்கல்லை வைத்து என்னென்ன செய்யலாம்? மற்றவர்கள் சுவர் கட்டலாம், புத்தக அலமாரிக்கு முட்டுக் கொடுக்கலாம் என்று எழுதிவிட்டு ஜன்னலைப் பார்த்தார்கள். நான் எழுதிக்கொண்டே இருந்தேன். தகரக் கூரை காற்றில் பறக்காமல் மேலே ஏற்றி வைக்கலாம். தண்ணீர் லாரி வருமுன் வரிசையில் இடம் பிடிக்கலாம். மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வந்தால் கட்டில் கால்களை உயர்த்தலாம். அடுப்புக் கூட்டலாம். ஷேர் ஆட்டோ உருளாமல் சக்கரத்துக்கு அண்டை கொடுக்கலாம். பொடித்துப் பாத்திரம் தேய்க்கலாம். பக்கத்தில் இருந்த மார்ட்டினா வியந்துபோய், இதையெல்லாம் எந்தப் பயிற்சியில் கற்றாய் என்று கேட்டார். தண்ணீர் லாரி வரிசையில் என்றேன். அந்த நிறுவனத்துக்கு இணையதளம் இருக்கிறதா என்று கேட்டார். இதை ஊரில் சொன்னால் சிரிப்பார்கள். எனக்கு அன்று கோபம்தான் வந்தது.

டைவர்ஜென்ட் திங்கிங் என்கிறார்கள் இதை. ஒரு சிக்கலுக்கு ஒரே விடையைத் தேடி ஓடாமல், பத்துத் திசையில் கிளை விட்டு யோசிப்பது. நல்ல விஷயம்தான், எனக்கு அதில் சண்டை இல்லை. என் சண்டை எல்லாம் அந்த யோசனையை யார் யோசிக்கலாம் என்று தீர்மானிக்கிறார்களே, அவர்களோடுதான். ஊரில் இருக்கும் உங்களுக்கும், என்னைப்போல் பெட்டி கட்டிக்கொண்டு வந்தவர்களுக்கும் இந்தக் கதை தெரிய வேண்டும்.

நான் கவரைப்பேட்டைக்காரி. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இதே கம்பெனியின் கிளையில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தேன். அங்கிருந்துதான் இங்கே, தாய்க் கம்பெனிக்கு, அனுப்பப்பட்டேன். அங்கே என்னோடு ஒரே வேனில் வந்தவள் எஸ்தர். என் வயது, அடுத்த தெரு. அவளுடைய அப்பா அம்மா அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள், அவள் தலைமுறைக்குத் தொழிற்சாலை. நான் பெர்மனென்ட், நீலத் தொப்பி. அவள் கான்ட்ராக்ட், மஞ்சள் தொப்பி. வாய் என்றால் அப்படி ஒரு வாய். சூப்பர்வைசர் ஒரு சொல் சொன்னால் அவளிடம் மூன்று சொல் தயாராக இருக்கும்.

அவள் வேலை செய்த இடத்தில் பித்தளைக் கிண்ணங்களைக் கழுவுவார்கள். ஏதோ பம்புக்குள் போகிற சாமான். அளவில் ஒரு இட்லிதான். எண்ணெய்ப் பிசுக்கோடு வருபவற்றை ஒரு கம்பிக் கூடையில் அள்ளிப்போட்டுச் சுடுதண்ணீர்த் தொட்டியில் முக்கி எடுப்பார்கள். ஒன்றோடொன்று மோதிக் கீறல் விழும். கீறல் விழுந்தால் கழிவு. கழிவு ஏறினால் யாரைப் பிடிப்பது? கழுவுகிற பெண்களைத்தான். வளையல் பட்டுக் கீறுகிறது என்று எல்லோரையும் வளையலைக் கழற்றச் சொன்னார்கள். கீறல் நிற்கவில்லை. அப்புறம் நகம் என்றார்கள். பிள்ளை பெற்ற பெண்களைக் காலையில் வரிசையாக நிற்க வைத்து, பள்ளிக்கூடத்தில் பார்ப்பதுபோல் கையை நீட்டச் சொல்லி நகம் பார்த்தார்கள். பித்தளையை நகத்தால் கீற முடியுமா என்று ஒரு இன்ஜினியருக்குக்கூடத் தோன்றவில்லை. தோன்றியிருக்கும், சொல்லியிருக்க மாட்டார்கள்.

நகம் பார்த்த அன்று சாயங்காலம் வேனில் எஸ்தர் கொதித்துப்போய் உட்கார்ந்திருந்தாள். வழியில் முட்டை வண்டி ஒன்று எங்களைத் தாண்டிப் போயிற்று.

"இன்னாடி வசந்தி, முட்டைய அட்டைல அடுக்கி எம்மாந்தூரம் எத்துகினு போறான், ஒண்ணு ஒடையுதா? இந்தப் பித்தளை முட்டைக்கு மட்டும் இன்னாவாம்?"

மறுநாளே கடையில் முட்டை அட்டை வாங்கிவந்து, கிண்ணங்களை அடுக்கித் தொட்டியில் இறக்கிவிட்டாள். சுடுதண்ணீரில் அட்டை கூழாகி, வடிகட்டியில் போய் அடைத்து, மத்தியானம் வரைக்கும் லைன் நின்றது. அவள் வாங்கிய திட்டை இங்கே எழுத முடியாது. இங்கே வியாழக்கிழமைகளில் இப்படி ஒரு யோசனை தோற்றால் கைதட்டுவார்கள். தோல்விக்கென்றே ஒரு சின்ன மணி வைத்திருக்கிறார்கள், அதை அடிப்பார்கள். எஸ்தர் கூனிக் குறுகவும் இல்லை, விடவும் இல்லை. அடுத்ததாகக் கொசுவலையில் பை தைத்துப் பார்த்தாள். அதுவும் சரிவரவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் இட்லித் தட்டைக் கழுவிக் கவிழ்த்தபோது ஓட்டைகள் வழியாகத் தண்ணீர் வடிவதைப் பார்த்தாளாம். குழிக்கு ஒன்று உட்காரும், ஒன்றையொன்று தொடாது, எண்ணெயும் தங்காது. அடுக்குக்கு மேல் அடுக்காக நிற்கவும் செய்யும்.

ஒரு வீட்டுத் தட்டுகள் எந்த மூலைக்கு? அவள் தெருவிலும் எங்கள் தெருவிலும் இருந்தவர்களிடம் எல்லாம் கேட்டு வாங்கினாள். செக்யூரிட்டியில் பிடித்துவிடுவார்கள் என்று வேனில் வந்த பெண்கள் ஆளுக்கு ஒன்றாகச் சாப்பாட்டுப் பையில் ஒளித்து எடுத்துப்போனோம். என் பையிலும் ஒன்று இருந்தது. அந்த வாரம் இரண்டு தெருவும் தோசைதான் சுட்டன. கீறல் கிட்டத்தட்ட நின்றே போனது. சோதித்துப் பார்த்தவள் நான், கழிவுக் கூடை காலியாகக் கிடந்ததை என் கண்ணால் பார்த்தேன். சூப்பர்வைசரும் பார்த்தார், பார்க்காததுபோல் இருந்தார். நம்முடைய அதிகாரிகளுக்கு இது கைவந்த கலை, லாபம் வரும்வரை கண் தெரியாது.

வாரக் கடைசியில் வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து ஆய்வுக்கு வந்தார்கள். வந்தவர்களில் ஒருவர் கழுவும் தொட்டியில் இட்லிப் பாத்திரத்தைப் பார்த்து இது என்ன என்று கேட்டார். மேனேஜர் முகம் செத்துவிட்டது. சாயங்காலம் எஸ்தரைக் கூப்பிட்டு, இது ஃபேக்டரியா சமையற்கட்டா என்று கேட்டார்.

"நகத்த பாக்கறதுக்கு பதிலா நீ இத யோசிச்சிருக்கணும் சார்" என்றாள் எஸ்தர்.

அவ்வளவுதான். விசாரணை இல்லை, கடிதம் இல்லை. நாளையிலிருந்து இவளை அனுப்பாதே என்று கான்ட்ராக்டருக்கு ஒரு போன். நான் மேனேஜர் அறைக்குப் போய்க் கத்தினேன். நீ பெர்மனென்ட், உனக்கு எதற்கு இந்த வேலை என்று கதவைக் காட்டினார். பழையபடி கம்பிக் கூடைக்கே போனார்கள், தட்டுகளைக்கூடத் திருப்பித் தரவில்லை. அவர் அறைச் சுவரில் அப்போதும் ஒரு பலகை தொங்கியது: உங்கள் யோசனையே எங்கள் வளர்ச்சி. சென்னையிலிருந்து ஒருவரை வரவழைத்து, பெட்டிக்கு வெளியே யோசியுங்கள் என்று எங்களுக்கு வகுப்பும் எடுத்திருக்கிறார்கள். அந்த வகுப்புக்கு நாற்காலி தூக்கிப் போட்டது மஞ்சள் தொப்பிகள். போட்டுவிட்டு வெளியே போகச் சொன்னார்கள்.

வம்புக்காரி என்று பெயர் பரவி, பேட்டையில் எந்தக் கான்ட்ராக்டரும் எஸ்தரைச் சேர்க்கவில்லை. விடியுமுன் ரயில் ஏறிச் சென்னைக்குப் போய் ஏதோ ஆபீஸில் தரை துடைத்துவிட்டு, பிள்ளைகள் தூங்கியபின் வீடு திரும்பினாள். வருஷக்கணக்காக இதே பாடு. இதற்கிடையில்தான் என்னை இங்கே அனுப்பினார்கள்.

போன வசந்த காலத்தில் ஒரு வியாழக்கிழமை ஷ்டெஃபான் ஒரு பித்தளைக் கிண்ணத்தை நடுவில் வைத்தார். இங்கேயும் அதே கீறல். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நான் இட்லித் தட்டை வரைந்து காட்டினேன். முட்டை வேகவைப்பதா என்றார் ஒருவர். கேக் அச்சு என்றார் மார்ட்டினா. இட்லி என்றால் என்ன என்று விளக்கவே பாதி நேரம் போயிற்று. ஆனால் பிடித்துக்கொண்டார்கள். எஃகில் செய்தார்கள், அடுக்கினார்கள், முக்கினார்கள், கீறல் போயிற்று. டுர்ம்கோர்ப் என்று பெயரும் வைத்தார்கள், கோபுரக் கூடை என்று அர்த்தம். சுவரில் என் படம் ஏறியது.

இது என் யோசனை இல்லை, எஸ்தருடையது என்றேன். அவர் எந்தப் பிரிவு என்று கேட்டார் ஷ்டெஃபான். இப்போது எந்தப் பிரிவும் இல்லை, துரத்திவிட்டார்கள் என்றேன். அவர் வருத்தப்பட்டார், நிஜமாகவே. கெட்ட மனிதர் இல்லை. பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார். என் படத்துக்குக் கீழே, இந்தியச் சமையலறையால் தூண்டப்பட்டது என்று அழகான எழுத்தில் அச்சடித்து ஒட்டினார். சமையலறையாம். வாய் உள்ள, பெயர் உள்ள, பிள்ளைகள் உள்ள ஒரு பெண்ணை ஒரு அறையாக்கி விட்டார்கள். விரட்டியவன் அயோக்கியன் என்று திட்டிவிடலாம். அன்போடு அழிப்பவனை என்ன சொல்லித் திட்டுவது என்று எனக்கு எந்த மொழியிலும் தெரியவில்லை.

அடுத்து, டுர்ம்கோர்ப்பைக் கும்மிடிப்பூண்டிக்கு அனுப்புவது என்று முடிவாயிற்று. நான் திரை வழியாக அவர்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டுமாம். எஸ்தரை வேலைக்குச் சேர்த்தால்தான் பயிற்சி கொடுப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றேன். தாராளமாக என்றார் ஷ்டெஃபான். அவருக்குக் கான்ட்ராக்ட் என்றால் என்னவென்றே தெரியாது. அங்கே அதே மேனேஜர் பல்லைக் கடித்துக்கொண்டு சம்மதித்தார், புது ஆளாக, மறுபடி மஞ்சள் தொப்பியில். எனக்கு அது போதவில்லை. பயிற்சியன்று எல்லோர் முன்னாலும் உன் பெயரைச் சொல்லி அந்த ஆளின் மானத்தை வாங்குகிறேன் என்று எஸ்தருக்குப் போன் செய்தேன்.

"நீ என் பேர சொல்லி வெளக்கு ஏத்த வேணாம்மா" என்றாள். "எனக்கு உள்ள போணும், அவ்ளோதான். ரயில்ல போயி ரயில்ல வந்து பேஜாரா கீது. புள்ளைங்க மொகத்த பகல்ல பாத்து எம்மா நாளாவுது. நீ அங்க கீற, பேசிட்டு போனை வெச்சிடுவ. நான் இங்க கீறேன்."

பெயரைச் சொல்வதில்லை என்று ஒத்துக்கொண்டேன்.

பயிற்சி நாளன்று திரையில் பழைய கூடம் தெரிந்தது. மேனேஜர் முன்னால் நின்று, இது ஜெர்மன் தொழில்நுட்பம், கவனமாகக் கேளுங்கள் என்றார். அவர் பக்கத்தில் மேஜைமேல் பளபளவென்று நான்கடுக்கு இட்லித் தட்டு நின்றது. கூடத்தில் இருந்த ஒவ்வொருவருக்கும் அது என்னவென்று தெரியும். கடைசி வரிசையில் மஞ்சள் தொப்பியில் எஸ்தர். கொஞ்சம் இளைத்திருந்தாள். இந்தப் பக்கம் என்னைச் சுற்றி ஷ்டெஃபானும் மார்ட்டினாவும் மற்றவர்களும் பெருமையோடு உட்கார்ந்திருந்தார்கள். நான் ஆத்திரத்தை விழுங்கிக்கொண்டு, குழிக்கு ஒன்றாக எப்படி வைப்பது, எப்படி முக்குவது, எப்படி வடியவிடுவது என்று எஸ்தருக்கே சொல்லிக்கொடுத்தேன். முடிவில், விதிப்படி, யாருக்காவது சந்தேகம் இருக்கிறதா என்று கேட்டேன்.

கடைசி வரிசையில் ஒரு கை எழுந்தது. மேனேஜர் திரும்பிப் பார்த்தார். வேலையைக் கெடுத்துக்கொள்ளப் போகிறாளே என்று பயந்தேன்.

எஸ்தர் எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு, மரியாதையே உருவாகக் கேட்டாள்.

"மேடம், ஊத்தறதுக்கு முன்ன எண்ணெய் தடவணுங்களா, இல்ல ஈரத்துணி போடணுங்களா?"

கூடம் வெடித்துச் சிரித்தது. நீலத் தொப்பி, மஞ்சள் தொப்பி எல்லாம் குலுங்கின. மேனேஜர் சிரிக்கவும் முடியாமல் அதட்டவும் முடியாமல் கழுத்துப் பட்டையைத் தளர்த்தினார். அவள் கேட்டது தொழில்நுட்பச் சந்தேகம்தானே, அதில் குற்றம் எங்கே கண்டுபிடிப்பது? எஸ்தர் மட்டும் சிரிக்காமல், பதிலுக்குக் காத்திருப்பவள்போல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

எனக்கும் சிரிப்பு பீறிட்டது, அடக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகையும் வந்தது. இந்த அறையில் சிரித்தவள் நான் ஒருத்திதான். ஷ்டெஃபான் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, அந்தப் பெண் என்ன கேட்டார் என்று கேட்டார்.

"இந்த வேலை தனக்கு முன்பே தெரியும் என்கிறார்" என்றேன்.

எவ்வளவு வேகமாகக் கற்றுக்கொள்கிறார்கள் என்று அவர் மகிழ்ந்துபோனார். மற்றவர்கள் கைதட்டினார்கள். அங்கே சிரிப்பும் இங்கே கைதட்டலும் ஓயும்வரை நான் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். அதற்குள் அங்கே எஸ்தர் உட்கார்ந்துவிட்டாள். முன்வரிசைத் தலைகள் மறைத்ததில் எனக்கு அவளுடைய தொப்பி மட்டும் தெரிந்தது.