திசுவோடு சரி

மெழுகுக்கட்டியின் மேல் 'ஹா' என்று ஒருமுறை ஊதிவிட்டுத்தான் ரித்வா சீவும் எந்திரத்தின் பிடியைச் சுழற்றுவார். பனிக்கட்டியில் கிடந்து விறைத்த மெழுகு அந்த மூச்சுச் சூட்டில் இளகி, வெங்காயச் சருகைவிட மெல்லிய சீவலாக நீளும். அதற்குள் யாருடைய பித்தப்பையோ, குடலோ. வெந்நீரில் மிதக்கவிட்டு, கண்ணாடித் தகட்டில் ஏந்தி, சாயமேற்றி, நிறம் சரியா என்று நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு நோய் கண்டுசொல்ல டாக்டர் லாவோய்க்கு அனுப்புவார். தண்டர் பே ஆஸ்பத்திரி ஆய்வகத்தில்தான் அவருக்குத் தலை நரைத்தது.

"எனக்குத் திசுவோட சரி. செல்லு டாக்டர் பாடு, உறுப்பு சர்ஜன் பாடு. முழு ஆளா? அது பாதிரியார் பாடு."

முழு ஆட்கள் அவருக்கு ஒத்துவருவதில்லை. தேவாலயக் காப்பி விருந்தில் எல்லாரும் ஊர்க்கதை பேச, இவர் ஏலக்காய் ரொட்டியின் வெட்டுமுகத்தை உற்றுப் பார்த்து, "காத்துக்குமிழி ஜாஸ்தி" என்பார்.

கணவர் ஆர்வோ குளிர்காலம் முழுக்க, "வயித்துல என்னமோ பிடிக்குது ரித்வா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஒரு துண்டு வெட்டிக் குடுங்க, பாக்கறேன்."

இருவரும் சிரித்தார்கள். கடைசியில் டாக்டர்கள் வெட்டியே கொடுத்துவிட்டார்கள். புற்றா இல்லையா என்று அந்தத் துண்டுதான் சொல்ல வேண்டும்.

சொந்தக்காரர் துண்டு வந்தால் பக்கத்து மேஜைக்குத் தள்ளிவிடுவது அங்கே வழக்கம். அந்த மேஜைக்காரி பெர்னிஸ் கையை நீட்டினாள்.

"குடுங்கக்கா. அது உங்க ஆர்வோ."

"ஆர்வோ வீட்ல கஞ்சி குடிச்சிட்டுக் கெடக்கறாரு. இது இரைப்பைத் திசு."

"அடேயப்பா, என்னா அழுத்தம்!"

முதல் சீவல் தூளாகிப்போனது. ஊத மறந்திருந்தார். பெர்னிஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அடுத்தது ஒழுங்காக வந்தது, சாயமும் ஏறியது. நுண்ணோக்கி விளக்கைப் போட்ட ரித்வா, தகட்டை மட்டும் அதன் அடியில் வைக்கவில்லை. தள்ளுவண்டியில் அனுப்பாமல், தகடு வைத்த தட்டைத் தானே ஏந்திக்கொண்டு டாக்டர் அறைக்குப் போனார்.

"நிறம் எப்படி வந்திருக்கு?"

"பாக்கல."

டாக்டர் அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தகட்டிலிருந்த பெயரைப் பார்த்தார்.

"சரி, வைங்க."

வைத்தார்.

"ரித்வா, கையை எடுத்தாத்தானே நான் பாக்க முடியும்?"

"எடுக்கறேன் டாக்டர்" என்றார். தட்டின் விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள் அப்படியே இருந்தன.